மணிக்காரி படுத்த திசை

கோயிலுக்கு முன்னால் கல்லறைதான் வந்தது. சபையின் சரித்திரத்தைச் சொல்ல வருகிற போதகர்கள் எல்லோரும் கோயிலிலிருந்து தொடங்குவார்கள். அது தப்பு. தூரதேசத்திலிருந்து வந்த முதல் போதகர் ஒரு வண்டியில் மணியை மட்டும் ஏற்றிக்கொண்டு இந்த மேட்டுக்கு வந்தார். மணியை ஒரு மரக்கிளையில் கட்டினார். ஜெபத்துக்கு ஆட்கள் சேர்வதற்குள் காய்ச்சல் வந்து சேர்ந்தது. அந்த மழைக்காலத்தில் ஞானஸ்நானம் வாங்கினவர்களைவிடக் குழிக்குள் போனவர்கள் அதிகம். கோயில் சுவருக்குக் கல் சுமந்து வந்தவர்கள் கல்லைக் கீழே போட்டுவிட்டுக் கடப்பாரையை எடுத்தார்கள். மேட்டின் மேற்குச் சரிவு முழுக்கப் புதுமண் ஆனது. மிஞ்சினவர்கள் அதற்கப்புறம்தான் உச்சியில் ஒரு கோயில் கட்டினார்கள்.

பலிபீடம் கிழக்கே, வாசல் மேற்கே. வாசலைத் திறந்தால் நேரே கல்லறை. கடைசிப் பாட்டு முடிந்து வெளியே வருகிறவர்கள் முதலில் பார்ப்பது செத்துப்போன சொந்தக்காரர்களை. குளிர்காலத்துக் காலைகளில் சரிவைப் பனி மூடிக் கிடக்கும். சிலுவைகளின் தலை மட்டும் வெளியே தெரியும். கழுத்தளவு தண்ணீரில் ஒரு கூட்டம் பேசாமல் நின்றுகொண்டு எதையோ எதிர்பார்ப்பது போல இருக்கும்.

எதிர்பார்க்கத்தான் செய்தார்கள். அதற்கென்று ஒரு சட்டம் இருந்தது. செத்தவர்கள் தலை மேற்கே, கால் கிழக்கே படுக்க வேண்டும். கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது எழுந்து நின்றால் முகம் கோயிலையும் சூரியனையும் பார்க்கும். போதகர்கள் மட்டும் எதிர்த்திசையில் படுப்பார்கள். எழும்போது அவர்கள் முகம் சபையைப் பார்க்க வேண்டுமாம். செத்தாலும் பிரசங்கம் விடாது என்று கீழ்த்தெருவில் கேலி உண்டு.

இந்தச் சட்டத்தில் ஒரு சிக்கல் இருந்தது. பெட்டி கோயிலை விட்டுக் கால் முன்னால் வெளியே வரும். அப்படியே சரிவில் இறக்கினால் தலை கிழக்கே விழும், போதகர் மாதிரி. அதனால் மணிக்கூண்டின் அடியில் வந்ததும் தூக்குகிறவர்கள் நின்று, பெட்டியை அரைச்சுற்றுத் திருப்பி, தலை முன்னால் போகும்படி கொண்டுபோவார்கள். எப்போது நிற்க, எப்போது திருப்ப என்பதற்கு ஒரே ஒரு மணி. திருப்புமணி என்று அதற்குப் பெயர். போதகர் செத்தால் மட்டும் அது அடிக்காது. மற்றபடி பணக்காரன், ஏழை, குழந்தை, கிழவி எல்லோருக்கும் அந்த ஒரு மணி உண்டு. தூக்குகிறவர்கள் திசையைப் பற்றி யோசித்ததே இல்லை. தோளில் கனம், காலில் சேறு, பின்னால் அழுகை. காதில் விழுந்தால் கால் திரும்பும், அவ்வளவுதான்.

அந்த மணியை அடித்துக்கொண்டிருந்தவள் மணிக்காரி. அவள் புருஷன் குழிக்காரர். ஒருத்தி மேலே அடிப்பாள், ஒருவர் கீழே காத்திருப்பார். மணிக்கூண்டுக்குப் பின்னால் இரண்டு அறை உள்ள வீட்டில் அவர்கள் இருந்தார்கள். முன்னறையில் கடப்பாரை, மண்வெட்டி, கயிற்றுச் சுருள்கள், சுண்ணாம்புப் பானை. பின்னறையில் அடுப்பு, அதன்மேல் தொங்குகிற நீளப்பிடி உள்ள இரும்பு இடுக்கி. அந்த இடுக்கியின் வாய் இரண்டு வட்டத் தகடு. மாவைத் தண்ணியாகக் கரைத்து, ஒரு கரண்டி ஊற்றி, தகட்டை மூடித் தணலில் காட்டினால் திருவிருந்து அப்பம் வரும். காகிதம் போல வெள்ளையாக, ருசியே இல்லாமல். கொஞ்சம் பிந்தினால் ஓரம் சிவந்துவிடும். சிவந்த அப்பம் பலிபீடத்துக்கு ஆகாது. அதையெல்லாம் வீட்டில் கஞ்சியில் போட்டுக் குடித்தார்கள். "நாங்க தெனமும் திருவிருந்து சாப்பிடற குடும்பம்" என்று மணிக்காரி சிரிக்காமல் சொல்வாள்.

அவள் கோயிலுக்குள் உட்கார்ந்து ஆராதனை பார்த்ததில்லை. ஆராதனை தொடங்க மணி, பரமண்டல ஜெபத்துக்கு மணி, முடிக்க மணி. எல்லோரும் எழுந்து நின்று ஒரே குரலில் அந்த ஜெபத்தைச் சொல்லும்போது, வெளியே வயலில் இருப்பவர்களும் தலை குனிய வேண்டும் என்பதற்காக அவள் கூண்டுக்குள் கயிற்றை இழுத்துக்கொண்டிருப்பாள். கூண்டிலிருந்து கோயிலுக்குள் பார்க்க ஒரு சின்னச் சந்து உண்டு. அதில் தெரிவதெல்லாம் முதுகுகள். யார் முதுகு எப்போது கூன் போட்டது, எந்த முதுகு புது ரவிக்கை போட்டது என்று அவளுக்குத் தெரியும். சபையின் சரித்திரம் எழுதினவர்கள் யாரும் அவளைப் பற்றி எழுதவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் எல்லாம் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் மழைக்காலத்தில் செத்தாள். இருமல் என்று படுத்தாள், நெஞ்சுக்குள் சளி கட்டிக்கொண்டது, மழை விடுவதற்குள் போய்விட்டாள். ஊர்ச் செங்கல் சூளையில் வேலை செய்கிற ஆட்களில் ஒருவன் வந்து சாவுமணியை அடித்தான். அடித்துவிட்டுக் கைகளைத் துடைத்துக்கொண்டு பெட்டி தூக்கப் போய்விட்டான். குழிக்காரர் விடியலிலேயே குழியை வெட்டி, ஊறின தண்ணீரை வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார். அவர்களுடைய மகள் பெட்டிக்குப் பின்னால் நடந்தாள். போதகர் பல சபைகளைச் சேர்த்துப் பார்க்கிற இளைஞர். நனைந்தபடி வந்து, வாசிக்க வேண்டியதை வாசித்தார். தூறலுக்காகப் பெட்டிமேல் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். மணிக்கூண்டின் அடியில் தூக்கினவர்களின் நடை ஒரு கணம் தளர்ந்தது. பழக்கத்தில் காது மேலே போனது. ஒன்றும் அடிக்கவில்லை. பனி இறங்கியிருந்தது, பின்னால் இருந்தவர்கள் மெல்ல வந்துகொண்டே இருந்தார்கள். தூக்கினவர்கள் நடந்தார்கள்.

கூண்டுக்குள் யாரும் இல்லை. அடிக்க வேண்டியவள் பெட்டிக்குள் இருந்தாள். அது அன்றைக்கு ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

பிறகு வந்த நாட்கள் தூக்கத்தில் நடப்பது போலப் போயின. மகள் பால் நிலையத்தில் வேலை பார்க்கிறவள். விடிவதற்கு முன்பே போய், வரிசையில் வைத்த கேன்களைத் திறந்து, கண்ணாடிக் கோலை மிதக்கவிட்டு, தண்ணீர் கலந்ததா என்று பார்த்து வாங்குவாள். பட்டம் வாங்கினவள் பாலில் தண்ணி பாக்கிறாள் என்று பேச்சு உண்டு. ஆமாம், கலப்பவர்கள் இருக்கும் வரை பார்க்கத்தான் வேண்டும் என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்வாள். வேலை முடித்து வந்து மணி அடித்தாள், அப்பம் சுட்டாள், அம்மாவின் புடவைகளைத் துவைத்து மடித்தாள். முற்றத்தில் நிற்கும்போது சில சமயம் கூண்டுக்குள் கயிறு தானாக அசைவது போல இருக்கும். காற்றுதான். ஆனால் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பாள்.

குழிக்காரர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். உள்ளங்கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம், கிழங்கை உரித்துத் தட்டில் வைத்தபோது, சாப்பிடாமல் சொன்னார்.

"கால்மாட்டுக் கயிறு எப்பவும் எங்கிட்டதான். இடுப்பு போனதுலேருந்து பசங்க எனக்கு அதைத்தான் குடுப்பாங்க. கால்மாடு லேசா இருக்கும்."

"தெரியும்பா."

"அன்னிக்கு நான் வழக்கமா நிக்கிற பக்கம்தான் நின்னேன். கயிறு கையை அறுத்துருச்சு. துக்கம்தான் இப்படிக் கனக்குதுன்னு நெனச்சேன்."

"துக்கம்தான். சாப்பிடு."

"துக்கம் நெஞ்சுக்குக் கனக்கும் பாப்பா. கைக்குக் கனக்காது. அது தலைமாடு."

மகளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கினபோது எழுந்து போய் வாசலில் நின்றாள். மேலே மணிக்கூண்டு, கீழே ஈரமான மண்மேடு. இரண்டுக்கும் நடுவில் அன்றைக்கு யாரும் திரும்பவில்லை. அவளுக்கு முதலில் அழுகை வரவில்லை, சிரிப்பு வந்தது. ஊருக்கெல்லாம் திருப்பிவிட்டவளைத் திருப்ப ஆளில்லாமல் போச்சே என்று சிரித்தாள். பிறகு அழுதாள்.

யாருக்கும் தெரியாது, நீ சொல்லாதே, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று அப்பாவிடம் கறாராகச் சொல்லிவிட்டுத்தான் மறுநாள் வேலைக்குப் போனாள். அவர் தலையாட்டினார். அவள் திரும்பி வருவதற்குள் சபை மூப்பரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்து, முன்னறையில் கயிற்றுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

மூப்பர் செங்கல் சூளை வைத்திருப்பவர். சூளைக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வது. கெட்ட மனிதர் இல்லை. கோயிலின் ஓடு உடைந்தால் தானே ஏணி வைத்து ஏறுகிறவர். ஆனால் அவருடைய அம்மா போன அறுவடை சமயத்தில் செத்து, மணிக்காரிக்குக் கீழ்வரிசையில், நேர் எதிரே படுத்திருந்தாள். கல்லறை அடியிலிருந்து மேல்நோக்கி நிரம்பி வந்த இடம் அது. மணிக்காரிதான் கடைசி வரிசையின் முதல் ஆள். எல்லோரும் எழுந்து கிழக்கே பார்க்கும்போது, போதகர்களைத் தவிர அவள் ஒருத்தி மட்டும் மேலே நின்று எல்லோரையும் பார்ப்பாள். பிரசங்க மேடையில் நிற்பது போல.

ஆராதனை முடிந்ததும் அதைப் பற்றிக் கோயிலுக்குள்ளேயே பேசினார்கள். போதகர் தன் கருத்தைச் சொன்னார். கடலில் மூழ்கினவர்களையும் நெருப்பில் வெந்தவர்களையும் எழுப்புகிறவருக்குத் திசை ஒரு பொருட்டில்லை, இது விசுவாசத்துக்குச் சம்பந்தப்பட்டதில்லை என்றார். சரியாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, ஆனாலும் சபையின் சமாதானம் முக்கியம், நீங்களே கூடி முடிவெடுங்கள் என்றும் சேர்த்தார். படித்தவர்கள் ஒரு கதவைத் திறந்துவிட்டுத் தாங்களே சாத்திவிட்டுப் போவார்கள். அடுத்த சபைக்கு நேரமாகிறது என்று வண்டியை எடுத்தார். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி, மணிக்காரிதானே, நின்றுவிட்டுப் போகட்டும் என்றாள். இன்னொருத்தி, அது எப்படி, எங்க மாமனார் எழுந்ததும் அவளைப் பார்த்தா நாமம் போட்டுட்டாங்கன்னு நினைக்க மாட்டாரா என்றாள். சிரித்தார்கள். குழிக்காரர் கடைசிப் பெஞ்சுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தப்பு என்னோடதுதான், குழியோரம் கயிறு பிடித்தவன் நான்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மழை விட்டு மண் இறுகியதும், ஒரு சனிக்கிழமை காலையில், பெட்டியை எடுத்துத் திருப்பி வைப்பது என்று முடிவானது. வெட்ட வேண்டியது அவர்தான். வேறு யார் வெட்டுவது?

மகள் சூளைக்காரரைப் பால் நிலையத்தில் பிடித்தாள். அவர் கேனை இறக்கி வைத்ததும், கோலைப் பாலில் விடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எங்கம்மாவைத் தோண்டி எடுத்தே ஆகணுமா, ஐயா?"

"நான் சொல்லலைம்மா, சபை சொல்லுது."

"சபைன்னா யாரு? நீங்க வாயைத் தொறந்தா சபை, மூடினா சும்மா கூட்டம்."

வரிசையில் நின்றவர்கள் கேன்களைப் பார்த்தார்கள். சூளைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். தினமும் சாயங்காலம் தன் அம்மாவின் கல்லறையில் போய் உட்காருகிறவர் அவர்.

"எங்கம்மா கண்ணைத் தொறந்ததும் பாக்க வேண்டியது கர்த்தரை. உங்கம்மாவை இல்ல. அதைச் சொன்னா தப்பா?"

"கடைசியில உங்கம்மா படுக்கையா கெடந்தாங்களே, அப்ப பீத்துணி அலசினது யாரு? கண்ணைத் தொறக்கறப்பல்லாம் அவங்க பாத்தது எங்கம்மா மூஞ்சியைத்தான். நீங்க சூளையில இருந்தீங்க."

 அவர் கேனை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார். உண்மையைச் சொன்னால் ஆட்கள் மனம் மாறுவார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். மாறவில்லை. தைத்த இடத்தை அவர் மூடிக்கொண்டார். மறுநாள் பால் கொண்டுவந்தது வேலையாள்.

மழை விட்டது. வெயில் மெலிதாக வந்து சரிவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. மண்ணிலிருந்து ஆவி எழுந்தது. கல்லறை முழுக்க எதுவோ மெல்ல மூச்சு விடுவது போல இருந்தது. குழிக்காரர் தினமும் போய் மண்ணைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். இன்னும் ஈரம் என்று ஒவ்வொரு நாளும் வந்து சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. ஒரு நாள் வந்து ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார்.

அது வெள்ளிக்கிழமை. மகள் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். கரண்டி மாவு, இடுக்கி மூடல், தணல், திருப்பல், திறப்பு. வெள்ளை வட்டங்கள் துணியில் அடுக்காக விழுந்தன. அறை முழுக்க வெந்த மாவின் வாசனை. மகள் அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள்.

"நாளைக்கு நீ வெட்டினா, இனிமே இந்த இடுக்கியைத் தொட மாட்டேன். மணியும் அடிக்க மாட்டேன். அவங்களே சுட்டுத் தின்னட்டும்."

"யார் மேல கோவம்?"

"உன் மேலதான். யாரு கேட்டாங்க உன்னை? எதுக்குப் போய்ச் சொன்ன?"

அவர் துணியிலிருந்து ஓரம் சிவந்த ஒன்றைப் பொறுக்கி எடுத்து வாயில் போட்டுக் கரையவிட்டார்.

"தப்பா வெச்ச கட்டையை ஆசாரி பாத்துக்கிட்டே இருக்க முடியுமா? எனக்குத் தூக்கம் வரல."

"அது தப்பில்லப்பா. ஆயுசு பூரா அவ பாத்தது முதுகுதான். எல்லார் முதுகையும் பாத்துப் பாத்தே செத்துப்போனா. ஒரு நாளாவது எல்லார் மூஞ்சியையும் பாக்கட்டும். எல்லாரும் அவளைப் பாக்கட்டும். என்ன குடி முழுகிப்போகும்?"

"பாக்கட்டும்னு நீ சொல்ற. அவளால முடியுமா? கூச்சக்காரி பாப்பா அவ. கடைக்குப் போனாக்கூட ஆள் கொறையட்டும்னு வெளிய நிப்பா. அத்தனை பேரு கண்ணு முழிச்சு அவளையே பாத்தா, எங்க போய் ஒளிவா? கூண்டா இருக்கு அங்க? நானும் பக்கத்துல இருப்பேன், ஆனா கிழக்கே பாத்துக்கிட்டு நிப்பேன். அவ திரும்பிப் பாத்தா தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு இருக்காது."

மகள் இடுக்கியைத் திறக்க மறந்துவிட்டாள். அப்பம் கருகின வாசனை வந்தது. இத்தனை நாளும் சபைக்குப் பயந்துதான் அப்பா தலையாட்டுகிறார் என்று அவள் நினைத்திருந்தாள். சபையைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை.

"அப்ப எடுத்துத் திருப்பணும்கறியா?" என்றாள், சண்டை இல்லாத குரலில்.

"அதுவும் மனசு வரல. பெட்டி ஊறியிருக்கும். தூக்கினா தாங்காது. அவளை நான் அப்படிப் பாக்கணுமா?"

பொழுது சாய்ந்தது. ஈரம் காய்ந்த மண்ணிலும் பனி இறங்கத் தொடங்கியது. அவர் எழுந்து வெளியே போனார். ரொம்ப நேரம் திரும்பவில்லை. மகள் தேடிக்கொண்டு சரிவில் இறங்கினாள். அம்மாவின் மேட்டுக்கும் சூளைக்காரர் அம்மாவின் கல்லறைக்கும் நடுவில், பெட்டி தூக்கி வருகிறவர்கள் நடப்பதற்காக ஓராள் நீளத்துக்கு விட்டிருந்த புல்தரையில், வேலியோரமாக அவர் படுத்துக் கிடந்தார். விழுந்துவிட்டார் என்று நினைத்து ஓடினாள். கண் திறந்திருந்தது. மேலே, மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பனி அவரைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது.

"என்னப்பா பண்ற?"

"சும்மா. பாத்துக்கிட்டிருக்கேன்."

அவள் கைகொடுத்துத் தூக்கினாள். முதுகில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள். அன்றைக்கு அவர் நன்றாகச் சாப்பிட்டார். படுத்ததும் குறட்டை கேட்டது. அவர் தூங்குவதைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டே அவளும் தூங்கினாள். அவர் வெட்டத் தீர்மானித்துவிட்டார் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். இடுக்கியைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டிருந்தாள்.

விடிந்தபோது அவர் படுக்கையில் இல்லை. சரிவிலிருந்து மண்வெட்டிச் சத்தம் வந்தது. வெட்டு, மண் விழுகிற சத்தம், வெட்டு. பனி அடர்த்தியாக இருந்தது. சத்தம் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் வருவது போல இருந்தது. மகள் ஒரு செம்பில் சூடான காப்பியை எடுத்துக்கொண்டு போனாள். கத்த வேண்டியதையெல்லாம் மனதில் அடுக்கி வைத்திருந்தாள். பின்னாலேயே சூளைக்காரர் வந்தார், பெட்டி தூக்கின சூளை ஆட்கள் கயிறுகளோடு வந்தார்கள். கூப்பிடும் முன்னாலேயே தொடங்கிவிட்டாரே என்று சூளைக்காரர் சங்கடத்தோடு சொன்னது காதில் விழுந்தது.

கிட்டே போனதும் எல்லோரும் நின்றார்கள். மணிக்காரியின் மேடு அப்படியே இருந்தது. ஒரு புல்கூடப் பிடுங்கப்படவில்லை. அதற்குக் கீழே, நடைவழியின் ஓரத்தில், இடுப்பளவு குழிக்குள் குழிக்காரர் நின்று வெட்டிக்கொண்டிருந்தார். மேலே குவிந்த மண் நல்ல கறுப்பாக இருந்தது.

"என்னப்பா இது?" என்றார் சூளைக்காரர். "இங்க யாருக்கு?"

"எனக்குத்தான் ஐயா."

 அவர் மண்வெட்டியைக் குழியின் விளிம்பில் சாய்த்துவிட்டு, கையைப் பின்னால் இடுப்பில் வைத்து நிமிர்ந்தார்.

"தலை அந்தப் பக்கம் மேற்கே, கால் இங்க கிழக்கே. சட்டப்படிதான் படுப்பேன். எந்திரிச்சா எனக்கு நேரே அவ நிப்பா. அவளுக்கு நேரே நான். மத்தவங்களைப் பாக்கணும்னு அவளுக்கு ஒண்ணும் இல்ல. என்னைப் பாத்துக்கிட்டு நின்னுடுவா."

சூளைக்காரர் தன் அம்மாவின் கல்லறையைத் திரும்பிப் பார்த்தார். குழி அதற்கு நேர் முன்னால் இருந்தது.

"அப்ப எங்கம்மா?"

"அம்மாவுக்கும் அவளுக்கும் நடுவுல நான் நிப்பேன். அவங்களுக்கு எங்க வீட்டுக்காரி தெரிய மாட்டா. என் முதுகுதான் தெரியும்." குழிக்காரர் கொஞ்சம் யோசித்தார். "குனிஞ்சு குழி வெட்டறப்ப அவங்க பாத்துப் பழகின முதுகுதான் ஐயா. வித்தியாசமா இருக்காது."

சூளை ஆட்களில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான்.  நடைவழி அடைபடுமே என்று சூளைக்காரர் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். வேலியோரம்தானே, சுற்றிப் போகலாம் என்று அவருடைய ஆளே பதில் சொன்னான். உன் காலம் வருவதற்குள் இந்தக் குழி மழையில் இடிந்துபோகுமே என்றார். அவருக்கு வேறு கேள்வி கிடைக்கவில்லை.

"தொறந்து வைக்க மாட்டேன் ஐயா. இப்பவே மூடிடுவேன். ஒரு தடவை வெட்டி மூடின மண்ணு இளகிக் கெடக்கும். பின்னால எனக்கு எவன் வெட்டுவான்? வெட்டத் தெரியாத ஒருத்தன் வருவான். அவன் கஷ்டப்பட வேணாம்."

மகள் கையிலிருந்த செம்பு ஆறிக்கொண்டிருந்தது. கத்த வேண்டிய சொற்கள் ஒன்றும் இப்போது உதவாது. அவள் விளிம்பில் உட்கார்ந்து செம்பை நீட்டினாள். குழிக்குள் நின்றபடியே அவர் குடித்தார். பனி மெல்ல விலகியது. கீழ்வரிசைச் சிலுவைகள் ஒவ்வொன்றாக இடுப்பளவு, முழங்காலளவு வெளியே வந்தன.

சூளைக்காரர் மேல்துண்டை எடுத்துத் தன் அம்மாவின் சிலுவையில் போட்டார். சட்டைக் கையை மடித்தார். குழிக்குள் கை நீட்டினார். குழிக்காரர் அந்தக் கையைப் பிடித்து மேலே ஏறி வந்தார். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. ஆட்கள் கயிறுகளை வேலியில் மாட்டிவிட்டு மண்வெட்டிகளை எடுத்தார்கள். சூளைக்காரரும் ஒன்றை எடுத்தார். கறுப்பு மண் குழிக்குள் போய் விழுந்தது. வெட்டி எடுத்த மண் எப்போதும் குழியைவிட அதிகமாகத்தான் இருக்கும். மேலே கூம்பாக நின்றது. வழக்கப்படி ஒருவன் காலைத் தூக்கி அதை மிதித்து இறுக்கப் போனான்.

"மிதிக்காதடா" என்றார் குழிக்காரர். "ஆள் இன்னும் வரல."